காணாத கடலைக் கண்ட காந்தமானி

கைநாடியைத் தொட்டே உடலினுள் நிகழ்வதை உணர்ந்து கூறுவான் தேர்ந்த வைத்தியன். கோடிக்கணக்கான மைல்களுக்கு அப்பால், வியாழக் கிரகத்தைச் சுற்றிவரும் யூரோப்பா என்னும் உபகிரகத்தின் நாடியையும் ஒருவர் அவ்வாறே பிடித்துப் பார்த்தார். பனிக்கட்டி ஓட்டினால் முற்றாக மூடப்பட்ட அவ்வுலகின் அடியில் உப்புக்கடல் ஒன்று உண்டு என்பதற்கு, இதுவரை கிடைத்த சான்றுகளுள் வலிமை மிக்க ஒன்றை அளித்தார். அவரே மார்கரெட் கிவல்சன் அம்மையார்.

கேளாத புத்திமதி

1928ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரிற் பிறந்த இவரின் தந்தை வைத்தியர். தாய் பௌதிகத்தில் பட்டம் பெற்றவர். பௌதிகத் துறையிற் பெண்ணொருத்தி முன்னேறுவது அரிது என்றும், உணவு நெறி நிபுணராவதே தக்கது என்றும் உறவினர் ஒருவர் புத்தி கூறினார். இவர் அதற்குச் செவிசாய்க்கவில்லை. ராட்கிளிப் கல்லூரியிற் பயின்று, பின்னர் நோபெல் பரிசு பெற்ற ஜூலியன் ஷ்விங்கரின் வழிகாட்டலில் ஆராய்ந்து, 1957இற் கலாநிதிப் பட்டம் பெற்றார். இரு குழந்தைகளின் தாயாக இல்லறக் கடமைகளை ஆற்றிக்கொண்டே ஆராய்ச்சியையும் தொடர்ந்தார். 1967இல் லொஸ் ஏஞ்சலிஸ் நகரிலுள்ள கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்திற் சேர்ந்தார்.

அங்கே அவர் மேற்கொண்டது விண்வெளிப் பிளாஸ்மா பற்றிய ஆராய்ச்சி. கிரகங்களுக்கு இடைப்பட்ட வெளி வெறும் சூனியமன்று. மின்னேற்றம் பெற்ற நுண்ணிய துணிக்கைகள் சூரியனிலிருந்து ஓயாது புறப்பட்டு அங்கே பாய்கின்றன. இத்துணிக்கைக் கூட்டமே பிளாஸ்மா எனப்படும். அதன் போக்கை அறியக் காந்தப்புலத்தை அளத்தல் இன்றியமையாதது. அதற்குரிய கருவியே காந்தமானி.

நீண்ட காத்திருப்பு

கலிலியோ விண்கலத்தின் காந்தமானிக் குழுவுக்குத் தலைமை தாங்கும் பொறுப்பு 1970களில் அவரை வந்தடைந்தது. 1986இல் நேர்ந்த சலெஞ்சர் விபத்து, பயணத்தை மேலும் தாமதப்படுத்தியது. 1989இற் புறப்பட்ட விண்கலம் 1995 டிசம்பரிலேதான் வியாழனை அடைந்தது. இடைவழியில், குடைபோல் விரியவேண்டிய பெரிய அன்டெனா விரியாமற்போக, சிறிய அன்டெனா வழியே செய்திகள் மெல்ல மெல்ல வந்தன.

விண்கலத்தின் மின்கருவிகளும் காந்தப்புலத்தை உண்டாக்கும். அது அளவீட்டைக் கெடுக்காதிருக்கச் சுமார் 11 மீற்றர் நீளமான கோலொன்றிற் காந்தமானி பொருத்தப்பட்டிருந்தது. 1996இல் அது முதல் வியப்பைத் தந்தது. கனிமீட் என்னும் உபகிரகம் தனக்கெனச் சொந்தக் காந்தப்புலம் உடையது எனத் தெரியவந்தது.

தீர்ப்பு நாள்

யூரோப்பாவின் அருகிலும் காந்தப்புலம் மாறுபட்டது. அதுவும் கனிமீட்டைப் போன்ற நிலையான காந்தமா, அன்றி வேறொன்றா?

வியாழனின் காந்த அச்சு அதன் சுழலச்சுக்கு ஏறக்குறைய 10 பாகை சாய்ந்துள்ளது. ஆகையால் வியாழன் சுழலச் சுழல, யூரோப்பா இருக்கும் இடத்தில் அப்புலத்தின் ஒரு கூறு ஐந்தரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை திசை மாறுகின்றது. மாறும் காந்தப்புலம் மின்கடத்தியில் மின்னோட்டத்தைத் தூண்டும் என்பதை மாணவர் அறிவர். அம்மின்னோட்டம் தானும் ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கும். பனிக்கட்டி நன்கு மின்கடத்தாது, உப்புநீர் கடத்தும். எனவே பனிக்கட்டியின் கீழ் உப்புக்கடல் இருப்பின், வியாழனின் புலம் திசை மாறும்போது யூரோப்பாவின் புலமும் திசை மாறவேண்டும். நிலையான காந்தமாயின் மாறாது.

இதைத் தீர்த்துவைக்க, வியாழனின் புலம் எதிர்த்திசையில் இருக்கும் வேளையில் விண்கலம் யூரோப்பாவை நெருங்கவேண்டும். 2000ஆம் ஆண்டு ஜனவரி 3ஆந் திகதி அவ்வேளை வாய்த்தது. அன்று புலம் மாறாதிருந்தால், கடல் பற்றிய கருத்து வலுவிழந்திருக்கும். ஆனால் கிவல்சனும் கிருஷன் குரானா முதலிய தோழர்களும் எதிர்பார்த்தவாறே புலம் திசை மாறியிருந்தது!

பழைய ஏட்டிற் புதிய செய்தி

2003இற் கலிலியோவை வியாழனுக்குள் வீழ்த்தி அழித்தனர். யூரோப்பாவின் கடலைப் பூமியின் நுண்ணுயிர்கள் மாசுபடுத்தலாகாது என்பதே காரணம். எனினும் அதன் அளவீடுகள் அழியவில்லை. 1997இற் பதிவானவற்றை மீண்டும் ஆராய்ந்து, யூரோப்பாவிலிருந்து நீராவி பீறிட்டெழுந்ததற்கான அறிகுறியை 2018இல் வெளியிட்ட குழுவிலும் இவ்வம்மையார் இருந்தார். 2024 ஒக்டோபரில் ஏவப்பட்ட யூரோப்பா கிளிப்பர் விண்கலத்தின் காந்தமானிக் குழுவுக்குத் தலைமை தாங்கும் பொறுப்பும், தொண்ணூறு வயதைக் கடந்த அவரிடமே ஒப்படைக்கப்பட்டது.

தாம் கொண்ட கருத்து பொய்யாகக்கூடிய வேளையைத் தேர்ந்து, அவ்வேளையிலேயே அதனைச் சோதித்துப் பார்ப்பது விஞ்ஞானியின் நேர்மை. அதற்காகப் பல்லாண்டு காத்திருப்பது அவரது தவம். கிளிப்பர் 2030இல் வியாழனை அடையவிருக்கின்றது. அக்கடல் எத்துணை ஆழமானது, எத்துணை உப்பானது என்பதை அதன் காந்தமானி அளந்து அனுப்பும்போது, அவ்வெண்களை வாசித்துப் பொருள் காணப்போகின்றவர்களுட் சிலர் இன்று பாடசாலை வாங்கில் அமர்ந்திருக்கின்றனர்.