குளுக்கோஸ் ஏற்றினால் மாடு தேறுமா?

கறவை மாடு இரண்டு நாள் தீனி எடுக்காமல் நின்றுவிட்டால், "ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிவிடுங்கள் டாக்டர்" என்று கேட்பது உழவர்களிடையே வழக்கமாகிவிட்டது. இது பல சமயங்களில் உயிர் காக்கும் சிகிச்சைதான். ஆனால் இரத்தநாளம் வழியாக ஏறும் ஊட்டம், வாய்வழியாகச் செல்லும் தீவனம் செய்யும் வேலை அனைத்தையும் செய்துவிடாது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 5 சதக் கரைசல் உள்ள 500 மி.லி. பாட்டிலில் இருக்கும் குளுக்கோஸ் 25 கிராம். இதன் எரிசக்தி 100 கிலோகலோரிக்கும் குறைவு. 350 கிலோ எடையுள்ள மாட்டுக்கு, பால் உற்பத்தி நீங்கலாக, உடலைப் பேணுவதற்கு மட்டுமே நாளொன்றுக்கு ஏறத்தாழ 10,000 கிலோகலோரி தேவை. நூறு பாட்டில் ஏற்றினாலும் ஈடாகாது. தசையை வளர்க்கும் புரதமோ இதில் சிறிதும் இல்லை. ஏற்றிய பின் மாடு தெம்பாகத் தெரிவதற்குப் பெரும்பாலும் உடலில் சேர்ந்த நீரே காரணம்.

சரி, எல்லாச் சத்துக்களையும் நாளம் வழியாகவே கொடுத்தால்? அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டான்லி டட்ரிக் குழுவினர் 1960களில் நாய்க்குட்டிகளுக்கு அவ்வாறே கொடுத்தனர். வாயால் உண்ட குட்டிகளைப் போலவே அவையும் வளர்ந்தன. மனித மருத்துவத்துக்கு இது பெரும் திருப்பம். ஆனால் எடை ஒன்றாக இருந்தாலும் உடலின் உள்ளமைப்பு ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பது பின்னர் தெரிந்தது. 1974-ல் வெளியான ஓர் எலி ஆய்வில் இரு பிரிவுகளுக்கும் ஒரே உணவு தரப்பட்டது. ஒரு பிரிவுக்கு வாய்வழி, மற்றதற்கு நாளம் வழி. எடை ஒன்றுபோலவே கூடியது. நாளம் வழி ஊட்டம் பெற்றவற்றின் குடல் மட்டும் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு எடை குறைந்து, மெலிந்து போயிருந்தது.

காரணம் எளிது. குடலின் உட்சுவர் தன் உணவில் பெரும்பகுதியைத் தன்மேல் படும் தீனியிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. தீனி பட்டால்தான் குடலை வளர்க்கும் ஹார்மோன்களும் சுரக்கின்றன. தீனி வராவிட்டால் குடலுறிஞ்சிகள் குட்டையாகிச் செரிமானப் பரப்பு சுருங்குகிறது. சர்க்கரை மிகுந்த நாளவழி ஊட்டம் பல நாள் நீடித்தால் கல்லீரலில் கொழுப்பும் படியும்.

அசைபோடும் கால்நடைகளில் இன்னொரு சங்கதியும் உண்டு. மாடு தின்னும் மாவுப்பொருளையும் நார்ப்பொருளையும் முதல் இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்கள் நொதிக்கவைத்து அமிலங்களாக மாற்றுகின்றன. மாட்டுக்கு எரிசக்தியில் பெரும்பகுதி அந்த அமிலங்களே. நாளத்தில் ஏறும் குளுக்கோஸ் இந்த நுண்ணுயிர்களைப் பசியாற்றாது. அதற்காக வெல்லத்தை வாரி வாரிக் கரைத்து ஊற்றுவதும் தவறு; இரைப்பையில் அமிலம் மிகுந்து மாடு படுத்துவிடும்.

கன்று ஈன்றவுடன் பால்காய்ச்சலில் விழுந்த மாட்டுக்குக் கால்சியம் நாளம் வழியாகத்தான் ஏற்றப்பட வேண்டும். கழிச்சலால் எழ முடியாமல் கிடக்கும் கன்றுக்கும் அவ்வாறே. ஆனால் ஊம்பும் உணர்ச்சி உள்ள கன்றுக்கு உப்பு-சர்க்கரைக் கரைசலை வாய்வழியே கொடுப்பதுடன், பாலையும் நிறுத்தாமல் தரவேண்டும். புதிதாய்ப் பிறந்த கன்றுக்குச் சீம்பாலின் இடத்தை எந்தப் பாட்டிலும் நிரப்பாது. அதிலுள்ள நோய் எதிர்ப்புப் பொருள்களைக் குடல் உறிஞ்சுவது முதல் ஒரு நாளைக்குள்தான். பிறந்த இரண்டு மணி நேரத்துக்குள் கொடுக்கத் தொடங்குவது நல்லது.

சிகிச்சைக்குப் பின் மாடு தலைதூக்கியதும் பசும்புல்லையும் தண்ணீரையும் சிறிது சிறிதாக, நாளுக்கு நான்கைந்து முறை முன்னே வையுங்கள். அடர்தீவனத்தை இரண்டு மூன்று நாள் கழித்துப் படிப்படியாகக் கூட்டலாம். படுத்துக் கிடக்கும் மாட்டின் வாயில் கஞ்சியை மூங்கில் குழாயால் ஊற்ற வேண்டாம். அது நுரையீரலுக்குள் போய்விடும்.