செவிக்கல் சொல்லும் சாட்சி

மும்பைக் கரையோரச் சாலைக்காக ஹாஜி அலியிலும் வொர்லியிலும் இருந்த 18 பவளத் தொகுதிகளை 2020இல் பெயர்த்தெடுத்து வேறிடத்தில் பதித்த செய்தி வந்தது முதல், கடல்வாழ் ஜீவராசிகள் காப்பாற்றப்பட்டுவிட்டன என்ற திருப்தி பலருக்கு உண்டாகியிருக்கிறது. பவளத்தைப் பெயர்த்துக்கொண்டு போகலாம்; அது ஒட்டியிருந்த பாறையையும், அப்பாறையின் இடுக்குகளை நம்பிக் கரை சேரும் மீன் குஞ்சுகளையும் பெயர்க்க யாரால் முடியும்?

வொர்லிக்கு அருகே கடல் புகுந்த வாயை ஹார்ன்பி வெள்ளார்டு என்னும் அணை 1784 வாக்கில் அடைத்தது முதல், இந்நகரம் கடலைத் தூர்த்தே வளர்ந்தது. சரித்திரம் அவ்வளவு போதும்.

வற்றத்தின்போது பாந்த்ரா பேண்ட்ஸ்டாண்டின் கரும்பாறைக் குழிகளைக் குனிந்து பார்த்தால், மடவைக் குஞ்சுகளும் கோடு போட்ட கீச்சான் குஞ்சுகளும் நம் நிழல் பட்டவுடன் விரலகல இடுக்கில் மறைவதைக் காணலாம். பெரிய மீன் நுழைய முடியாத இடம் என்பதே அவற்றுக்குப் பாதுகாப்பு. ஆயினும் திறந்த சமுத்திரத்தில் மிதந்து திரியும் அற்ப உயிர் பாறை இருக்கும் திசையை எவ்வாறு அறிகிறது?

காதால் அறிகிறது என்பதற்குப் பிரமாணம் உண்டு. சொடுக்கிறால்களின் ஓசையால் பாறைக்கரை ஓயாது பொரிந்துகொண்டே இருக்கும். 2005இல் ஸ்டீபன் சிம்ப்சனும் அவருடைய சகாக்களும் ஆஸ்திரேலியக் கடலில் அத்தகைய ஓசையை ஒலிபரப்பிய செத்த பவளக் குவியல்களில், ஓசையற்ற குவியல்களைவிட அதிகமான குஞ்சுகள் குடியேறின. மீனின் உடல் ஏறக்குறைய நீரின் அடர்த்தியே உடையதாதலால் ஒலியலையோடு சேர்ந்து அசைய, தலைக்குள் இருக்கும் கனத்த சுண்ணாம்புச் செவிக்கல் மட்டும் சற்றுப் பின்தங்குகிறது. அந்தப் பின்தங்கலே நரம்பில் ஓசையாகிறது.

அதே செவிக்கல்லில் நாளொன்றுக்கு ஒரு வளையம் படிகிறது என்று 1971இல் ஜார்ஜோ பனெல்லா எடுத்துக்காட்டினார். மாட்டுங்கா மளிகைக் கடைக்காரரின் நாள்வழிக் கணக்கைப்போல, வரவு மிகுந்த தினத்தில் வரி அகன்றும் பஞ்ச தினத்தில் குறுகியும் நிற்கிறது. கடையை வேறு தெருவுக்கு மாற்றினால் சரக்கும் வாடிக்கையும் மாறிக் கணக்கின் சாயலே வேறாவதுபோல, பல இனங்களில் பாறைக்குக் குடிபுகுந்த நாளும் தனி அடையாளமாகப் பதிகிறது. எழுதிய வரியை அடித்துத் திருத்தும் வழக்கமோ இந்தக் கணக்கருக்கு அறவே கிடையாது.

குஞ்சுகள் நிறைந்த இடமெல்லாம் நாற்றங்கால் என்று முழங்குவோரையும் நான் நம்புவதில்லை. அங்கிருந்து வளர்ந்து பெரிய மீன்களோடு சேர்பவை, பரப்பளவுக்குப் பரப்பளவு, மற்ற இடங்களின் சராசரியைவிட அதிகமாக இருக்க வேண்டும் என்று மைக்கேல் பெக் முதலிய அறிஞர்கள் 2001இல் வகுத்த அளவுகோலே நியாயமானது. அதற்கும் செவிக்கல்லே சாட்சி: வளையங்களில் படிந்த ஸ்ட்ரான்சியம், பேரியம் ஆகியவற்றின் விகிதத்தைக் கொண்டு, தாராவியை ஒட்டிய மாஹிம் கழிமுகம் போன்ற இடத்தில் வளர்ந்ததா, உப்பு மிகுந்த வெளிக்கரையில் வளர்ந்ததா என்று பிரித்தறிய வழியுண்டு.

வெர்சோவாவில் மத்திய மீன்வளக் கல்வி நிறுவனம் இருக்கிறது. சசூன் டாக்கில் மீன் வந்திறங்குகிறது. சாலையை வடக்கே தஹிசர் நோக்கி நீட்ட முனையும் இத்தருணத்தில், பெயர்த்த பவளங்களின் எண்ணிக்கையைச் சொல்லிப் பெருமைப்படுவதை விடுத்து, பெரிய மீன்களின் செவிக்கற்களை அறுத்துப் பார்த்து, எந்தக் கரை எவ்வளவு மீனைக் கடலுக்குத் தந்தது என்று தெளிந்த பிறகே அடுத்த லாரிக் கல்லைக் கொட்ட வேண்டும்.