தாராவும் தோட்டாவும்

மார்கழியில் மன்னாரின் கட்டுக்கரைக் குளத்திலும் வங்காலைக் களப்பிலும் வடக்கேயிருந்து வந்த ஊசிவால் தாராக்கள் கூட்டம் கூட்டமாக இறங்கும். வங்காலை 2008 முதல் சரணாலயம். துவக்குக்கு அங்கே வேலையில்லை. ஆனால் துவக்கின் வரலாற்றில் நீர்ப்பறவைக்குப் பங்குண்டு.

ஸ்கொட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சைத்துக்குப் பறவை வேட்டையில் பித்து. சிக்கிமுக்கிக் கல் தட்டியதும் வெளியே எழும் பளிச்சைக் கண்டு, சன்னம் வந்து சேருமுன் பறவைகள் விலகிவிட்டன. எரிச்சலுற்றவர், அடித்தாலே வெடிக்கும் இரசாயனத்தால் மருந்தைப் பற்றவைக்கும் முறைக்கு 1807இல் காப்புரிமை பெற்றார். செப்புக் கேப்பு அதன் வழியில் வந்ததுதான்.

வன்னியின் ‘இடியன்’ துவக்கு இந்தக் கட்டத்தோடு நின்றுவிட்டது. குழல்வாயால் மருந்து, அடைப்பு, சன்னம், பிறகு இடி. மறுவெடிக்கு மறுபடி இடிக்க வேண்டும். மழையில் மருந்து நனைந்தால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான்.

மருந்தையும் சன்னத்தையும் கேப்பையும் ஒரே கூட்டில் அடைத்து, பின்பக்கமாக நுழைத்தார் பிரான்சின் லெஃபோஷோ, அது 1830களில். அந்தத் தோட்டாவின் விலாவில் ஓர் ஊசி நீட்டிக்கொண்டிருக்கும். சுத்தியல் அதை அடிக்க, உள்ளே கேப்பு வெடிக்கும். கைதவறிக் கல்லில் விழுந்தாலும் வெடிக்கலாம். 1861இல் லண்டன் துவக்கு வணிகர் ஜோர்ஜ் டோ, கேப்பை அடியின் நட்டநடுவில் பதித்த தோட்டாவைக் கொண்டுவந்தார். மூல யோசனை பிரெஞ்சுக்காரருடையது. உரிமையைத் தனக்கே வைத்துக்கொள்ளப் பார்த்து ஈலி கம்பனியிடம் தோற்றார். மற்றவர்களுக்கு அது யோகம்!

பின்பக்கம் திறந்து மூடும் துவக்கில் இடுக்கு வழியே வெடிவாயு பீறிடும். கைதேர்ந்த கொல்லர்களையும் நெடுங்காலம் மடக்கிய சிக்கல் இது. விடை கனத்த இரும்பில் கிடைக்கவில்லை. பித்தளை அடியும் கடதாசிக் குழாயுமான மெல்லிய கூட்டில் கிடைத்தது. வெடித்த கணத்தில் அழுத்தம் கூட்டை ஊதி, அறைச் சுவரோடு அப்பிவிடுகிறது. வாயுவின் பின்வழி அடைபடுகிறது. அழுத்தம் இறங்கியதும் கூடு சற்றே சுருங்கி, இழுத்தால் வந்துவிடுகிறது. வெடி தன் கதவுக்குத் தானே தாழ்ப்பாள் போட்டுத் தானே திறக்கிறது.

துரு பிடித்தால் மன்னாரில் உப்புக்காற்றைத்தான் திட்டுவோம். உள்ளேயும் உப்பு உண்டு. பழைய கேப்புகளிலிருந்த பொட்டாசியம் குளோரேட், வெடித்ததும் பொட்டாசியம் குளோரைட் ஆகிக் குழலில் படியும். கறியுப்பின் இனமான அது ஈரத்தை இழுக்கும். எண்ணெயில் உப்பு கரையாது. சுடுநீர் விட்டுக் கழுவ வேண்டும்.

பழைய பிரிட்டிஷ் 12 போர் துவக்கில் இன்றைய 12 போர் தோட்டா தடையின்றி நுழையும். அதை நம்பக்கூடாது. அந்நாளைய அறைகள் பல 2.5 அங்குலம், இன்றைய தோட்டாக்கள் பலவற்றுக்கு 2.75 அங்குலம் வேண்டும். தோட்டாவின் நீளம் என்பது வெடித்து வாய் விரிந்த பிறகுள்ள நீளம். மடித்த வாயோடு இருக்கையில் அது குட்டை. வெடிக்கும்போது விரிய இடமில்லாத வாய் குழலுக்குள் நெருக்கும், அழுத்தம் எகிறும். கரிமருந்தை மனதில் வைத்து இரும்பையும் உருக்கையும் முறுக்கி அடித்த டமாஸ்கஸ் குழல் அதைத் தாங்குமென்று நல்ல துவக்குக் கம்மியர் எவரும் உத்தரவாதம் தர மாட்டார்.