இரண்டு இணைப்பு, ஒரு கம்பம்

சம்பா நெற்பயிருக்குக் காப்பீடு செய்வதற்கான கடைசி நாள் அண்மை ஆண்டுகளில் பெரும்பாலும் நவம்பர் 15 என்றே முதலில் அறிவிக்கப்படுவதால், தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களின் பொதுச் சேவை மையங்களில் கூட்டம் நெருக்கும் நாட்களும், வடகிழக்குப் பருவமழையில் இணையம் அறுபட அதிக வாய்ப்புள்ள நாட்களும் ஒன்றாகவே வந்து சேர்கின்றன. சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றின் நகல்களோடு வரிசையில் நிற்கும் விவசாயி, தளம் திறக்காத காரணத்தாலேயே அந்தப் போகத்தைக் காப்பீடின்றிக் கழிக்க நேரலாம். இதனால்தான் இரண்டு நிறுவனங்களிடம் தனித்தனியே இணைப்புப் பெற்று, இரண்டையும் ஒரே ரவுட்டரில் செருகிப் பயன்படுத்தும் 'சுமைப் பகிர்வு' முறை டெல்டாவின் சிறு அலுவலகங்களுக்கு ஆடம்பரம் அல்ல.

இம்முறை பற்றிய பரவலான எதிர்பார்ப்பு ஒன்று முதலிலேயே திருத்தப்பட வேண்டும். நொடிக்கு 100 மெகாபிட் வேகமுள்ள இணைப்பும் 50 மெகாபிட் இணைப்பும் சேர்ந்து 150 மெகாபிட் வேகமுள்ள ஒரே இணைப்பாக மாறிவிடுவதில்லை. ரவுட்டர் பிரித்து அனுப்புவது தரவுப் பொட்டலங்களை அல்ல, உரையாடல்களை. அதாவது, ஒரு கணினிக்கும் ஒரு சேவையகத்துக்கும் இடையே தொடங்கி முடியும் தொடர்பு ஒவ்வொன்றையும் ஓர் அலகாகக் கொண்டு, இரு முனைகளின் முகவரிகளையும் வாயில் எண்களையும் ஒரு கணக்கீட்டுக்கு உட்படுத்தி, கிடைக்கும் விடையைப் பொறுத்து அதை ஏதேனும் ஓர் இணைப்பில் ஏற்றிவிடுகிறது. மைக்ரோடிக் ரவுட்டர்களில் 'பிசிசி' என்ற பெயரில் இருப்பது இதுவே. வேகத்துக்கேற்ப 2:1 என்று எடை குறித்துவிட்டால் பெரிய இணைப்புக்குக் கூடுதல் உரையாடல்கள் செல்லும்.

பொட்டலம் பொட்டலமாகப் பிரிக்காததற்குக் காரணம் உண்டு. ஒவ்வொரு நிறுவனமும் தன் இணைப்புக்கென வேறொரு பொது முகவரியைத் தருவதால், ஒரே உரையாடலின் பாதி ஒரு முகவரியிலிருந்தும் மீதி மற்றொன்றிலிருந்தும் வந்தால் எதிர்முனைச் சேவையகம் அவற்றை ஒன்றாக அடையாளம் காணாது. ஆகவே ஒற்றைக் கோப்பைத் தரவிறக்குபவர் ஓர் இணைப்பின் வேகத்தையே பெறுவார். பத்துப் பேர் ஒரே நேரத்தில் வேலை செய்யும்போதுதான் இரண்டாவது இணைப்பின் பயன் தெரியும். ஒரே உரையாடலையே பல வழிகளில் அனுப்பும் 'மல்டிபாத் டிசிபி' என்ற நெறிமுறை 2013-இல் சோதனை நிலையில் வெளியாகி, ஆப்பிள் நிறுவனத்தின் சிரி சேவையில் அவ்வாண்டே பயன்பாட்டுக்கு வந்தது. ஆனால் எதிர்முனையும் அதை ஏற்றால்தான் அது இயங்கும்.

வங்கித் தளங்களில் வேறொரு சிக்கல் எழுகிறது. ஒரு தளத்தைத் திறக்கும்போதே உலாவி பல உரையாடல்களைத் தொடங்குவதால், அவை இரு இணைப்புகளிலும் சிதறி, உள்நுழைந்த முகவரி மாறிவிட்டதாகக் கருதும் தளம் பயனரை வெளியேற்றிவிடக்கூடும். ஒரு கணினியின் போக்குவரத்து முழுவதையும் ஓர் இணைப்போடு பிணைத்துவிடுவது இதற்குத் தீர்வு. பங்கீடு சற்றுச் சமமின்றிப் போனாலும், விண்ணப்பம் பாதியில் அறுபடாமல் முடிவதே சேவை மையத்துக்கு முக்கியம்.

இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்பதை ரவுட்டர் எப்படி அறிகிறது என்பதும் கவனத்துக்குரியது. மோடத்தின் விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே பத்துக் கிலோமீட்டர் தள்ளி ஒளியிழை அறுந்திருக்கலாம். எனவே ஒவ்வோர் இணைப்பின் வழியாகவும் வெளியுலக முகவரிகள் இரண்டு மூன்றுக்குச் சில நொடிகளுக்கு ஒருமுறை சோதனைச் செய்தி அனுப்பி, தொடர்ந்து பதில் வராதபோது மட்டும் அந்த இணைப்பை விலக்குமாறு அமைக்க வேண்டும். அந்த நேரத்தில் அதில் நடந்துகொண்டிருந்த உரையாடல்கள் முறியும்; புதியவை மற்றொன்றில் தொடங்கும்.

எந்த ரவுட்டராலும் தீர்க்க முடியாத குறை தெருவில் இருக்கிறது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணி, முத்துப்பேட்டைப் பகுதிகள் உட்பட டெல்டாவிலும் அதையொட்டிய மாவட்டங்களிலும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது. ஒளியிழைகள் பெரும்பாலும் மின்கம்பங்களின் மீதே இழுக்கப்படும் ஊர்களில், கம்பம் விழும்போது போட்டி நிறுவனங்களின் இரு இழைகளும் சேர்ந்தே விழும்; மாதந்தோறும் இரண்டு கட்டணம் செலுத்தியும் கையில் ஒன்றும் மிஞ்சாது. தமிழகத்தின் 12,525 ஊராட்சிகளுக்கு இணையம் தரும் அரசுத் திட்டத்தின் இழைகளும் பெரும்பகுதி மின்கம்பங்களையே நம்பியுள்ளன.

ஆகவே இரண்டாவது இணைப்பை வாங்குமுன் விலையையும் வேகத்தையும் விட, அது எந்தக் கம்பத்தில் வருகிறது என்பதையே முதலில் கேட்க வேண்டும். ஒன்று ஒளியிழையாகவும் மற்றொன்று சிம் அட்டை வழி 4ஜி அல்லது 5ஜி ஆகவும் இருப்பது, இரண்டும் ஒளியிழையாக இருப்பதைவிடப் பாதுகாப்பானது. கைபேசிக் கோபுரங்களும் மின்சாரம் நின்று டீசல் தீர்ந்தால் அடங்கிவிடும் என்பதால், புயலுக்குப் பிந்தைய முதல் மணிநேரங்களிலேயே வேலையை முடிக்கும் வகையில், ரவுட்டருக்கும் மோடத்துக்கும் தனி பேட்டரி அவசியம். இரண்டும் சேர்ந்து இழுக்கும் மின்சாரம் பெரும்பாலும் 30 வாட்டைத் தாண்டாது.