மூலமும் உரையும்: தொகுப்பி மாறும்போது வெளிப்படும் பிழைகள்

முன்னுரை

தொல்காப்பியம் என்னும் மூலம் ஒன்றே. அதற்கு உரை கண்டோர் பலர். இளம்பூரணர் ஒருவகையாகப் பொருள் கொண்ட நூற்பாவுக்கு நச்சினார்க்கினியர் வேறுவகையாகப் பொருள் கொள்வதுண்டு. ஓர் உரையை மட்டுமே பயின்றவர் அவ்வுரையாசிரியரின் கருத்தையே தொல்காப்பியரின் கருத்தாகக் கொண்டுவிடுவர். இவ்விடர்ப்பாடு கணிப்பொறி மொழிகளிலும் நேர்கின்றது. அதனைச் சொந்தப் பட்டறிவு கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொகுப்பியும் தர இலக்கணமும்

மனிதர் எழுதும் நிரலைக் கணிப்பொறிக்குரிய கட்டளைகளாக மாற்றித் தரும் மென்பொருளே கம்பைலர் எனப்படும் தொகுப்பி. 'சி' மொழிக்கு 1989இலும் 'சி++' மொழிக்கு 1998இலும் தர இலக்கணங்கள் வகுக்கப்பட்டன. அவ்விலக்கணமே மூலம், தொகுப்பிகள் உரைகள். 1987இல் போர்லாண்ட் வெளியிட்ட டர்போ சியும், 1990இல் வந்த டர்போ சி++உம் நம் கல்லூரி ஆய்வகங்களில் நெடுங்காலம் ஆட்சி செலுத்தின. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1987இல் வெளியிட்ட ஜி.சி.சி. இன்று லினக்ஸ் கணிப்பொறிகளில் பரவி நிற்கின்றது. ஓர் உரையிலிருந்து மற்றோர் உரைக்குச் செல்லும் வழியில்தான் பிழைகள் காத்திருக்கின்றன.

ஒரு சொல்லடைவின் கதை

2004இல் எம்.ஃபில். ஆய்வுக்காகச் சீறாப்புராணத்திற்குச் சொல்லடைவு ஒன்று தொகுத்தேன். பாடல்களை டிஸ்கி குறியேற்றத்தில் உள்ளிட, கணிப்பொறித்துறை நண்பர் ஒருவர் டர்போ சி++இல் நிரல் எழுதித் தந்தார். அண்மையில் அதனை மாணவர் பயன்பாட்டிற்காகப் புதிய கணிப்பொறியில் ஜி.சி.சி. கொண்டு தொகுக்க முயன்றோம். திரை முழுவதும் பிழைச் செய்திகள்!

குரல் கொடுக்கும் பிழைகள்

அஞ்சத் தேவையில்லை. முதற்பிழை ஒன்றே பின்வரும் பத்துப் பிழைகளுக்குத் தாயாக இருப்பதுண்டு. ஆதலின் முதற்பிழையைத் திருத்தி, மீண்டும் தொகுத்துப் பார்த்தலே முறை.

திரையைத் துடைக்கும் கட்டளை 'கான்யோ.ஹெச்' என்னும் தலைப்புக் கோப்பில் இருந்தது. அக்கோப்பு டர்போவின் வீட்டுப் பொருள். தர இலக்கணத்தில் அதற்கு இடமில்லை. அதனை நீக்கினோம். 'ஐஓஸ்ட்ரீம்.ஹெச்' என்பதும் 1998க்கு முந்தைய வழக்கு. 'ஹெச்' என்னும் ஈற்றை நீக்கி, அதிலுள்ள பெயர்களுக்கு முன் 'எஸ்.டி.டி.' என்னும் குடிப்பெயரைச் சேர்த்தோம். நம் மாணவர் பலர் இன்றும் எழுதும் 'வாய்ட் மெயின்' என்பதைச் சி++ இலக்கணம் ஏற்பதில்லை. 'இண்ட் மெயின்' என்பதே முறை. வேலைவாய்ப்புத் தேர்வில் இவ்வொரு சொல்லால் தடுமாறிய மாணவரை யான் அறிவேன்.

வாய் திறவாப் பிழைகள்

செய்தி தரும் பிழை நண்பன்; செய்தி தராத பிழையே பகைவன். எங்கள் நிரல் தடையின்றித் தொகுக்கப்பட்ட பின்னரே உண்மையான இடர் தொடங்கியது.

முதலாவது, எண்ணின் அளவு. 'இண்ட்' என்னும் முழு எண்ணுக்கு டர்போ 2 பைட் இடம் ஒதுக்கியது, ஜி.சி.சி. இன்றைய கணிப்பொறிகளில் 4 பைட் ஒதுக்குகின்றது. பழைய நிரல் சேமித்து வைத்த பாடல் எண்களைப் புதிய நிரல் இரண்டிரண்டாகச் சேர்த்துப் படித்தது. 12, 15 என்று அடுத்தடுத்து இருந்த எண்கள் 9,83,052 என்று வந்தன. 5027 பாடல்களே உள்ள நூலில் இப்படியொரு பாடல் எண்! எத்தனை பிட் என்பதைத் தெளிவாகச் சொல்லும் எண் வகைகளை 1999ஆம் ஆண்டின் சி இலக்கணம் தந்துள்ளது. அவற்றுள் 16 பிட் வகையைக் கையாண்டு இதனைத் தீர்த்தோம்.

இரண்டாவது, எழுத்தின் குறி. 'சார்' என்னும் எழுத்து வகை எதிர்ம எண்ணை ஏற்குமா, ஏற்காதா என்பதை இலக்கணம் தொகுப்பிக்கே விட்டுவிட்டது. டிஸ்கியில் தமிழ் எழுத்துகள் 127க்கு மேற்பட்ட இடங்களில் உள்ளன. டர்போ அவற்றை எதிர்ம எண்களாகக் கண்டது. எனவே நண்பர், சுழியத்திற்குக் குறைந்தது எல்லாம் தமிழ் எழுத்து என்று எழுதியிருந்தார். மேசைக் கணிப்பொறியில் ஜி.சி.சி.யும் அவ்வாறே கண்டது. ஆனால் அதே நிரலை ராஸ்பெரி பை என்னும் சிறு கணிப்பொறியில் தொகுத்தபோது, ஒரு தமிழ்ச்சொல்லும் இல்லை என்று விடை வந்தது! அங்குள்ள ஆர்ம் செயலிக்கு ஜி.சி.சி. 'சார்' வகையை எதிர்மம் அற்றதாகக் கொள்கின்றது. 'அன்சைன்ட் சார்' என்று வெளிப்படையாக எழுதி, 127ஐக் கடந்ததா என்று வினவுவதே இதற்கு மருந்து.

இனி, தேர்வு வினாக்களில் இடம்பெறும் 'ஐ++ + ++ஐ' போன்ற கோவைகளுக்கு விடை இன்னது என்று இலக்கணம் வரையறுக்கவே இல்லை. ஒரு தொகுப்பி தரும் விடையை மொழியின் விடையாக மனனம் செய்வது வீண். அத்தகைய கோவையை எழுதாதிருத்தலே நன்று.

ஒப்புநோக்கல்

ஏடுகளை ஒப்பிட்டுப் பாடம் தேர்ந்த உ.வே.சாமிநாதையரின் நெறி இங்கும் பொருந்தும். 'வால்' என்னும் விருப்பக் குறியைச் சேர்த்துத் தொகுத்தால், ஜி.சி.சி. ஐயத்திற்குரிய பல இடங்களைச் சுட்டிக்காட்டும். கிளாங் போன்ற வேறொரு தொகுப்பியிலும் தொகுத்துப் பார்க்கலாம். பின்னர் ஒரே உள்ளீட்டைக் கொடுத்து, பழைய விடையையும் புதிய விடையையும் ஒப்பிட வேண்டும்.

அவ்வாறு ஒப்பிட்டபோது சொற்களின் கூட்டுத்தொகை மாறுபட்டது. புதிய நிரலே பிழைபட்டது என்று முதலில் எண்ணினேன். வேறுபாடோ சரியாக 65,536. டர்போவின் எதிர்மமற்ற முழு எண் 65,535 வரையே எண்ணும். அதனைத் தாண்டினால் மீண்டும் சுழியத்திலிருந்து தொடங்கும். ஒரு பகுதியைக் கையால் எண்ணிச் சரிபார்த்தோம். புதிய நிரலின் எண்ணிக்கையே சரியாக இருந்தது. என் ஆய்வேட்டில் அச்சான தொகையே தவறு! பழைய ஏடு என்பதனாலேயே அதன் பாடம் சரியாகிவிடாது என்று வகுப்பறையில் பலமுறை சொன்ன யான், அதனை அன்றுதான் உணர்ந்தேன். துறை நூலகத்தில் உள்ள படியில் திருத்தச் சீட்டு ஒன்றை ஒட்டிவிட்டேன்.

முடிவுரை

காளப்பநாயக்கன்பட்டியைக் கடந்து காரவள்ளி அடிவாரம் வரை ஓடும் பேருந்தின் பிரேக்கில் உள்ள சிறு குறை சமவெளியில் புலப்படாது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் அது புலப்பட்டுவிடும். வளைவுகள் அக்குறையை உண்டாக்கவில்லை, காட்டிக்கொடுத்தன. தொகுப்பி மாற்றமும் அத்தகையதே. ஆதலின் மாணவச் செல்வங்கள் உரையைப் பயிலும்போதே மூலத்தையும் பயில வேண்டும். ஒன்றுக்கு இரண்டு தொகுப்பிகளில் தம் நிரலைச் சோதித்துப் பார்க்க வேண்டும். பிழை கண்டவிடத்து நாணாது திருத்துதலே கற்றவர்க்கு அழகாகும்.