ஜெர்மனியில் டிசைன் வேலை: இங்கிலீஷ் மட்டும் போதுமா?

ஃபைனல் இயர் வந்தாலே ஹாஸ்டல் முழுக்க ஒரு கேள்வி சுத்தும்: "ஜெர்மனியில இங்கிலீஷ் தெரிஞ்சாலே டிசைன் வேலை கிடைக்குமாமே, உண்மையா?" சில வேலைகளுக்குக் கிடைக்கும், பலவற்றுக்குக் கிடைக்காது. எது எந்த வகை என்பதை இங்கே உட்கார்ந்தே கண்டுபிடிக்கலாம். வீட்டுக் காசைப் போட்டுக் கிளம்பும் முன் அதைச் செய்துவிடுங்கள்.

எந்த டிசைன்?

நம்ம ஊரில் மெஷின் பார்ட் வரைபவரும் டிசைனர், ஆப் ஸ்கிரீன் வரைபவரும் டிசைனர். ஜெர்மன்காரர்களுக்கு இவை இரண்டும் வேறு வேறு. அங்கே 'டிசைன்' என்றால் தோற்றமும் பயன்பாடும் சார்ந்த வேலை. சாலிட்வொர்க்ஸ், கேட்டியாவில் பாகங்களை உருவாக்கும் வேலைக்குப் பெயர் 'கான்ஸ்ட்ருக்ட்ஸியோன்'. மெக்கானிக்கல் மாணவர் ஒருவர் 'டிசைன்' என்று மட்டும் தேடினால், தனக்கான வேலைகளில் பெரும்பகுதி கண்ணிலேயே படாது.

அடுத்து, அந்த வேலையில் தினமும் யாரிடம் பேச வேண்டும் என்று பாருங்க. ஸலாண்டோ, டெலிவரி ஹீரோ போன்ற பெர்லின் டெக் கம்பெனிகளில் பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து வேலை செய்கிறார்கள். ஆபீஸ் மொழி இங்கிலீஷ். அங்கே யுஐ, ப்ராடக்ட் டிசைனருக்கு இங்கிலீஷ் போதும். அதே யுஎக்ஸ் துறையில், ஜெர்மன் பயனர்களை நேர்காணல் செய்யும் ரிசர்ச் வேலைக்கோ, ஸ்கிரீனில் வரும் வாசகங்களை எழுதும் வேலைக்கோ போதாது. உள்ளூர் வாடிக்கையாளர்களை நம்பி நடக்கும் விளம்பர ஏஜென்சிகளும் இப்படித்தான். ஷ்டுட்கார்ட் பக்கம் நிறைய இருக்கும் நடுத்தர மெஷின் கம்பெனிகளில், டிசைன் இன்ஜினியர் ஷாப் ஃப்ளோரில் இருப்பவரிடமும் சப்ளையரிடமும் பேசியாகணும். அங்கே ஜெர்மன் இல்லாமல் நகர முடியாது.

விளம்பரத்தைப் படிக்கும் விதம்

விளம்பரம் முழுக்க ஜெர்மனில் இருந்தால், பெரும்பாலும் வேலையும் ஜெர்மனில்தான். 'ஃப்ளீஸெண்ட்' என்றால் சரளமாகப் பேச வேண்டும். 'ஃபெர்ஹாண்ட்லுங்ஸ்ஸிஷர்' என்றால் பேரம் பேசும் அளவுக்குத் தெரிய வேண்டும். இந்த இரண்டு வார்த்தைகளில் ஒன்று இருந்தாலே அது இங்கிலீஷ் மட்டும் தெரிந்தவருக்கான இடம் இல்லை. 'ஜெர்மன் தெரிந்தால் கூடுதல் நல்லது' என்று இங்கிலீஷில் போட்டிருந்தால் தைரியமா அப்ளை பண்ணுங்க.

விசா கணக்கு

வேலை கையில் இருந்தால் ப்ளூ கார்டு. 2025-க்கான பொதுச் சம்பள வரம்பு ஆண்டுக்கு 48,300 யூரோ. டிகிரி முடித்து மூன்று ஆண்டுக்குள் இருப்பவர்களுக்குச் சுமார் 43,760 யூரோ. இந்தத் தொகை வருஷாவருஷம் மாறும். வேலை உங்கள் படிப்புக்குப் பொருந்தவும் வேண்டும். சிவில் படித்துவிட்டு யுஎக்ஸ் வேலைக்குப் போகிறவர்கள் இதை முதலிலேயே யோசிக்கணும்.

வேலை இல்லாமல் போய்த் தேடுவதற்கு 2024 ஜூனில் ஆப்பர்ச்சுனிட்டி கார்டு வந்தது. ஓராண்டு தங்கலாம், வாரம் 20 மணிநேரம் பார்ட் டைம் வேலையும் பார்க்கலாம். உங்கள் டிகிரி ஜெர்மன் டிகிரிக்குச் சமம் என்றால் பாயிண்ட் கணக்கே தேவையில்லை. அதை 'அனபின்' என்ற அரசுத் தளத்தில் பார்க்கலாம். அங்கே காலேஜ் பெயரைப் போட்டுத் தேடாதீங்க, டிகிரி கொடுக்கும் பல்கலைக்கழகத்தின் பெயரைப் போடுங்க.

சமம் இல்லை என்றால் ஆறு பாயிண்ட் எடுக்கணும். புதிதாகப் படித்து முடித்த இன்ஜினியருக்கு 35 வயதுக்குள் என்பதற்கு 2, ஆள் பற்றாக்குறையுள்ள துறை என்பதற்கு 1, இங்கிலீஷ் சி1-க்கு 1. மொத்தம் நாலுதான்! ஜெர்மன் பி1 முடித்தால் இன்னும் 2 கிடைத்து ஆறு ஆகிவிடும்.

ஆப்பர்ச்சுனிட்டி கார்டுக்கு இதில் எந்த வழியில் போனாலும் செலவுக்குப் பணம் காட்டணும். 2025 கணக்குப்படி மாதம் 1,091 யூரோ வீதம் ஓராண்டுக்கு 13,092 யூரோ. நம்ம காசில் 12 லட்சத்துக்கு மேல். அந்தப் பணம் உங்களுடையதுதான், ஆனால் வேலை தேடும் ஒவ்வொரு மாதமும் வாடகையும் சாப்பாடுமாகக் கரையும். அதனால் இங்கிருந்தே அப்ளை பண்ணி, சில இன்டர்வியூ அழைப்புகளாவது வந்த பிறகு இந்த வழியை எடுப்பது நல்லது.

போர்ட்ஃபோலியோ

அழகான இருபது ஸ்கிரீனைவிட, முழுதாக விளக்கிய மூன்று ப்ராஜெக்ட் மேல். என்ன பிரச்சினை, என்னென்ன வழிகளை யோசிச்சீங்க, ஏன் ஒன்றை விட்டீங்க, யாரிடம் சோதிச்சீங்க, என்ன மாறியது என்று எழுதுங்க. டீம் ப்ராஜெக்ட் என்றால் உங்கள் பங்கு எதுன்னு தெளிவாச் சொல்லுங்க. இன்டர்வியூவில் கேள்வி அங்கிருந்துதான் வரும். உங்கள் இங்கிலீஷுக்கும் அதுதான் பரீட்சை.

ஜெர்மனை எப்போ தொடங்கலாம்?

இந்த செமஸ்டரிலேயே. இங்கிலீஷ் ஆபீஸில் வேலை கிடைத்தாலும் வாடகை ஒப்பந்தம், அரசு அலுவலகக் கடிதங்கள் எல்லாம் ஜெர்மனில்தான் வரும். ப்ளூ கார்டில் இருப்பவர் ஏ1 அளவு ஜெர்மனோடு 27 மாதத்தில் நிரந்தரக் குடியிருப்புக்கு விண்ணப்பிக்கலாம்; பி1 இருந்தால் 21 மாதத்திலேயே.

இந்த வாரமே ஒரு வேலை பண்ணுங்க. உங்களுக்குப் பிடித்த பத்து விளம்பரங்களை எடுத்து, எத்தனை ஜெர்மன் கேட்கின்றன என்று எண்ணுங்க. ஏழெட்டு கேட்டால் முதலில் மொழி வகுப்பு. ரெண்டு மூணுதான் கேட்டால் முதலில் போர்ட்ஃபோலியோ.