ஊர் இணைஞ்சாச்சு, டேட்டா எப்படி இணையும்? டேட்டாபேஸ் சர்வரை வேகப்படுத்தும் வழிகள்

ஐராவதேசுவரர் கோயிலால் உலகம் அறிந்த ஊர் தாராசுரம். பேரூராட்சியாக இருந்த இந்த ஊர், 2021-ல் கும்பகோணம் மாநகராட்சியோடு இணைக்கப்பட்டது. கோயில் அதே இடத்தில்தான் இருக்கிறது. வீட்டு வரி மட்டும் இப்போது மாநகராட்சிக் கணக்கில் சேர்கிறது.

இப்படி இரண்டு உள்ளாட்சிகள் ஒன்றாகும்போது, சொத்து வரி, குடிநீர்க் கட்டணப் பதிவுகளும் ஒரே டேட்டாபேஸுக்குள் வந்தாக வேண்டும். உதாரணத்துக்கு, வெள்ளி மாலை கவுன்ட்டர் மூடுகிறது, திங்கள் காலை திறக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் எல்லாப் பதிவுகளையும் எப்படி ஏற்றுவது?

ஏன் இவ்வளவு நேரம் ஆகுது?

ஒவ்வொரு பதிவையும் தனித்தனி 'இன்சர்ட்' கட்டளையாக அனுப்பினால், சர்வர் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக 'கமிட்' செய்யும். அதாவது, கரன்ட் போனாலும் அழியாதபடி டிஸ்க்கில் எழுதிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகும். ஒரு லாரி நெல்லை இறக்கும்போது, மூட்டைக்கு ஒரு ரசீது போட்டுக் கையெழுத்து வாங்குவது மாதிரி.

எப்படி வேகப்படுத்தலாம்?

பலரும் பயன்படுத்தும் இலவச மென்பொருளான போஸ்ட்கிரெஸ்ஸில் உள்ள வழிகள் இவை:

1. 'இன்சர்ட்'டுக்குப் பதிலாக 'காப்பி' கட்டளை. மொத்த ஃபைலும் ஒரே கட்டளையில் ஏறும், கமிட்டும் ஒரே தடவைதான். மைஎஸ்கியூஎல்லில் இதே வேலைக்கு 'லோட் டேட்டா' இருக்கிறது.

2. புது டேபிள் என்றால், டேட்டாவை ஏற்றிய பிறகு இண்டெக்ஸ் போடுங்கள். முன்பே இருந்தால் ஒவ்வொரு பதிவுக்கும் சர்வர் அதைத் திருத்திக்கொண்டே இருக்கும்.

3. இண்டெக்ஸ் உருவாக்கப் பயன்படும் 'மெயின்டனன்ஸ் ஒர்க் மெம்' அளவு, இயல்பாக 64 எம்பி. ரேம் இருந்தால் தற்காலிகமாகக் கூட்டலாம்.

4. 'மேக்ஸ் வால் சைஸ்' இயல்பாக 1 ஜிபி. இதைக் கூட்டினால், சர்வர் அடிக்கடி 'செக்பாயின்ட்' போட்டுத் திணறுவது குறையும்.

5. கடைசியில் 'அனலைஸ்' கட்டளை. இதை மறந்தால், டேட்டா சீக்கிரம் ஏறியிருக்கும், ஆனால் தேடல் மெதுவாகலாம்.

எதில் கை வைக்கக் கூடாது?

'எஃப்சிங்க்' என்ற அமைப்பை அணைத்தால் வேகம் கூடும்தான். ஆனால் நடுவில் மின்சாரம் போனால், மீட்கவே முடியாத அளவுக்கு டேட்டாபேஸ் கெட்டுப்போகலாம். ஏற்கெனவே கும்பகோணத்தின் பதிவுகள் இருக்கும் சர்வரில் இந்த விளையாட்டு வேண்டாம்.

இண்டெக்ஸை எடுத்தால் ஆபத்து இல்லையா?

இருக்கிறது. ஒரே வரிவிதிப்பு எண் இரண்டு ஊரிலும் இருக்கலாம். எண் இரட்டிக்காமல் பார்த்துக்கொள்வது யுனிக் இண்டெக்ஸ்தான். அதை எடுத்துவிட்டு ஏற்றினால், திரும்பப் போடும்போதுதான் சர்வர் மறுக்கும். அது ஞாயிறு நள்ளிரவாக இருந்தால்?

அதனால், வரும் டேட்டாவை முதலில் இண்டெக்ஸ் இல்லாத தனி டேபிளில் ஏற்றுங்கள். இரட்டை எண்களை அங்கேயே பிடித்துச் சரிசெய்து, பிறகு முதன்மை டேபிளுக்கு ஒரே கமிட்டில் மாற்றுங்கள்.

கவுன்ட்டர் திறக்கும் முன் பழைய, புதிய பதிவுகளின் எண்ணிக்கையையும் நிலுவைத் தொகையின் கூட்டலையும் ஒப்பிட வேண்டும். ஒரு பதிவு விடுபட்டாலும், வரி கட்டியவர் பழைய ரசீதைத் தேடி வீட்டுக்கும் ஆபீஸுக்கும் அலைய வேண்டியிருக்கும்.